கம்பெனி கேட்டில் கொடுத்த அழைப்பிதழ்

திருவள்ளூர்
10.2.2025

அன்புள்ள சாராள்,

நீங்கள் போனை எடுக்கவில்லை. முதலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் அடிக்கவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள் என்று என் மகன் பார்த்துச் சொன்னான். உங்கள் வீட்டுக்காரருக்குப் போட்டால், “சாராளே பேசட்டும் டீச்சர், நான் நடுவுல வரமாட்டேன்” என்று ஸ்டீபனும் வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் தாளை எடுத்திருக்கிறேன்.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்கே தவறினேன் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீங்கள் தலைவியாக வந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் ஒரே கவலைதான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அம்மாக்கள் வருவதில்லை. நீங்களே ஒருமுறை கேட்டீர்கள்: “மூணு மணிக்கு மீட்டிங் வெச்சா நாங்க லைன்ல நிப்பமா, உங்க முன்னால வந்து நிப்பமா டீச்சர்?” அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அம்மாக்கள் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி அம்மாக்களிடம் போனால் என்ன என்று தோன்றியது. ஆண்டு விழா அழைப்பிதழைப் பிள்ளைகளே வரைந்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் நீங்கள் வேலை பார்க்கும் ஒயர் கம்பெனி கேட்டில் அவரவர் அம்மா கையில் கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு அழைக்க வருகிறார்கள் என்று மட்டும் சொல்லி எச்.ஆர். விஜயகுமாரிடம் அனுமதி கேட்டபோது அவர் மகிழ்ந்துபோனார். பிஸ்கட் பாக்கெட் தருகிறேன், போட்டோ எடுக்கிறேன் என்றார். உங்களிடம்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான்.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வரிசையாக நின்றன. நீங்கள் எல்லோரும் சாம்பல் நிறக் கோட்டும் தொப்பியுமாக வெளியே வந்தீர்கள். யார் யார் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. “அம்மா” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கன்னியம்மா மகனை அப்படியே தூக்கிக்கொண்டாள். மோனிகா மண்டியிட்டு மகளுக்கு முத்தம் கொடுத்தாள். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த விஜயகுமாரின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை.

அப்புறம் நீங்கள். உங்கள் பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்கர் நின்றிருந்தார். உங்கள் பிரின்சி அழைப்பிதழை நீட்டினாள். நீங்கள் அவளைக் குனிந்து பார்த்து, “யாரு பாப்பா நீ? உங்கம்மா எந்த லைனு?” என்று கேட்டீர்கள்.

என் காதால் கேட்டேன் சாராள். என் பக்கத்தில் இடி விழுந்திருந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டேன். பிரின்சி உங்களையே பார்த்தாள். பிறகு, “தெரியாதுக்கா, வேற ஆளுன்னு நெனச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி வந்து நின்றுகொண்டாள்.

அடுத்த நாளே கன்னியம்மாவும் மோனிகாவும் இன்னும் சிலரும் பள்ளிக்கு வந்து அழுதார்கள், கத்தினார்கள். வேலை போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது. தாலி, மெட்டி என்று ஏதேதோ சொன்னார்கள். மோனிகா மகள் வரைந்த அழைப்பிதழைக் கிழித்து என் மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். நான் தலைமையாசிரியர் பொறுப்பை பிரேமா டீச்சரிடம் கொடுத்து, மருத்துவ விடுப்பு எழுதிவிட்டு வந்துவிட்டேன். ஓடி வந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க வந்ததில் என்ன குற்றம்? பெற்ற மகளை யாரென்று ஏன் கேட்டீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம் என்றாலும் அவளுக்காவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரத்னா


14.2.2025

பெரிய டீச்சருக்கு சாராள் எழுதுவது.

ஸ்டீபனை எழுதச் சொல்லியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். பிளஸ் டூ பாஸ் பண்ணியவள்தான் நான், என் கையால்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக வரும்.

எங்கள் ஊரில் இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க வந்ததில் என்ன குற்றம் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

அந்த ஒயர் கம்பெனியில் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு மட்டும்தான் வேலை. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆள் எடுக்கும் காண்ட்ராக்ட்காரர் முதல் நாளே சொல்லிவிடுவார்: “கல்யாணம் ஆனதுன்னா இப்பவே கெளம்பிடும்மா. புள்ளைக்கு ஜுரம்னு லீவு கேப்பீங்க, பேஜாரு.” தேர்வாய் கண்டிகையில் இத்தனை கம்பெனி வந்தும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஃபேன் காற்றில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். அதனால் நாங்கள் எல்லோரும் அங்கே கல்யாணம் ஆகாதவர்கள். ஆதாரில் அப்பா பேரை மாற்றவே மாட்டோம். வேன் சிப்காட் வளைவுக்கு முன்னால் வரும்போது டிரைவர் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார். அந்த இடத்தில்தான் தாலியையும் மெட்டியையும் கழற்றி டிபன் பையில் போடுவோம். திரும்பி வரும்போது அதே இடத்தில் எடுத்து மாட்டிக்கொள்வோம். எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா இது?

உங்களுக்கும் சொல்லவில்லை, சரிதான். நீங்கள் கேட்டீர்களா? மாசாமாசம் மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டுவீர்கள். பள்ளி ஒரு வட்டம், குடும்பம் ஒரு வட்டம், ஊர் ஒரு வட்டம், மூன்றும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்துக்குள் நாங்கள் எதைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இப்படிச் செய்யப்போகிறேன் என்று தலைவியான எனக்காவது சொல்லியிருக்கலாம். காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்றீர்களே, இருந்தது டீச்சர், ரொம்ப ஆச்சரியமாக இருந்தது.

பிள்ளைகளை அணைத்துக்கொண்டவர்கள் யாருக்கும் மறுநாள் கார்டு வேலை செய்யவில்லை. கேட்டில் கார்டை வைக்கிறார்கள், சிவப்பு லைட் எரிகிறது. “மெஷின் ரிப்பேரா கீது போல” என்று கன்னியம்மா துடைத்துத் துடைத்து வைத்தாளாம். என் கார்டுக்குப் பச்சை எரிந்தது. நான் உள்ளே போய்விட்டேன். இப்போது தண்ணிக் குழாயில் என்னைப் பார்த்தால், “பெத்த புள்ளைய தெரியாதுன்னவ வரா, வழி உடுங்க” என்கிறார்கள்.

பிரின்சியை ஏன் அப்படிக் கேட்டேன் என்கிறீர்கள். பாஸ்கர் சார் அப்போதுதான், “இன்னா சாராளு, மாப்ள பாத்துக்கினு கீறாங்களாமே?” என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். நான் யோசித்து அப்படிக் கேட்டிருந்தால்கூட ஒரு மாதிரி மனசு ஆறும். யோசிக்கவே இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது. என் வாய் இப்படியும் பேசும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

அவளுக்காவது சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று சாயந்தரமே எல்லாம் சொன்னேன். தாலியைக் கழற்றிக் காட்டியே சொன்னேன். தலையை ஆட்டினாள். அப்புறம், “அக்கா, பசிக்குது” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அன்றிலிருந்து வீட்டிலும் நான் அக்காதான். ஸ்டீபன் அதட்டிப் பார்த்தார், நான் கெஞ்சிப் பார்த்தேன், அடிக்கக்கூட கை ஓங்கினேன். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “அக்கா, ஜடை போட்டு உடு”, “அக்கா, நோட்டுல கையெழுத்து போடு.”

நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

சாராள்


திருவள்ளூர்
19.2.2025

அன்புள்ள சாராள்,

எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னியுங்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன், நடுவில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் என் பஸ் அந்த வேனுக்குப் பின்னாலேயேதான் வரும். வளைவுக்கு முன்னால் அது மெதுவாகப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ரோடு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். லேட்டாகிறதே என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து… இல்லை, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நேற்று கம்பெனிக்குப் போனேன். தப்பு என்னுடையது, அந்தப் பெண்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று விஜயகுமாரிடம் கேட்டேன். காபி வரவழைத்தார். கோபமே இல்லை. “எங்க கம்பெனில அப்படி ஒரு ரூலே கெடயாது மேடம். அதெல்லாம் காண்ட்ராக்ட்காரங்க பாத்துக்கறாங்க, நாங்க தலையிடறதில்ல” என்றார். காண்ட்ராக்ட்காரர் நம்பர் கேட்டேன், மெயில் போடுங்கள் என்றார். சுவரோடு பேசியது போல இருந்தது. ஆனால் அந்தச் சுவர் சிரித்துக்கொண்டே இருந்தது.

எழுந்தபோது அவரே சொன்னார், ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வருகிறாராம். மார்ச் எட்டு மகளிர் தினமாகவும் அமைந்துவிட்டதாம். பெஞ்சு மேஜையும் ஒரு ஸ்மார்ட் போர்டும் கம்பெனி சார்பில் தருகிறார்களாம். “உங்க மேலாண்மைக் குழுத் தலைவி மேடைல வந்து வாங்கிக்கட்டும் மேடம், லேடீஸ் எம்பவர்மெண்ட்டுனு போட்டோ நல்லா இருக்கும்” என்றார். யாராவது பள்ளிக்கு ஒன்று தருகிறேன் என்றால் நன்றி சொல்லியே பழகிய வாய் இது. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஆரணி வந்தபோதுதான் உறைத்தது, தலைவி நீங்கள். மேலாண்மைக் குழுத் தலைவி என்றாலே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மா என்று அவருக்குத் தெரியாதா? நீங்கள் அந்த மேடையில் ஏறினால் கதை முடிந்தது.

பயப்படாதீர்கள். எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். துணைத்தலைவி கன்னியம்மா ஏறி வாங்கிக்கொள்ளட்டும் என்று பிரேமா டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. நீங்கள் அன்று காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒன்றையாவது நான் சரியாகச் செய்கிறேன்.

பிரின்சியை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

ரத்னா


22.2.2025

பெரிய டீச்சருக்கு,

மறுபடியும் ஏற்பாடு செய்துவிட்டீர்கள். படித்ததும் சிரிப்புத்தான் வந்தது, அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிற சிரிப்பு.

கன்னியம்மாவைக் கேட்டீர்களா? தன்னை வெளியே அனுப்பிய ஆள் முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டு பெஞ்சு வாங்க வேண்டுமா அவள்? அவளுக்கு இழக்க ஒன்றுமில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? மானம் என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, என்னிடம்தான் இல்லை. எனக்கு எந்த நாள் காய்ச்சல் வர வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்கள். எங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று கிளம்பினால் உங்களுக்கு எங்களைக் கேட்கவே தோன்றாது போல. இதைக் கோபத்தில் எழுதவில்லை. உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

நேற்று நானே கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். வெளியிலேயே நிற்க வைத்தாள். “நீ என் எடத்துல இருந்தா இன்னா பண்ணிருப்ப?” என்று கேட்டேன். “கைல தூக்கினதும் ஒரு நிமிஷம் கீழ எறக்கி உட்டுடலாமான்னு எனக்கும் தோணிச்சிடி. புள்ள கழுத்த கட்டிக்கினான், எறக்க முடில” என்றாள். இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிரின்சி என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். எனக்கு இந்த வேலையும் வேண்டும். ஸ்டீபனுக்கு லோடு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. இரண்டும் வேண்டும் என்று கேட்பது அவ்வளவு பெரிய பேராசையா?

நாளை ஞாயிற்றுக்கிழமை, எந்த ஷிப்ட்டும் இல்லை. ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் எல்லா அம்மாக்களும் கூடுகிறோம். சாமி கும்பிடுகிறவர்கள், ஜெபம் பண்ணுகிறவர்கள் எல்லோரும்தான். மேடையில் யார் ஏறுவது என்பதை அங்கே பேசிக்கொள்கிறோம். முடிந்தால் வாருங்கள். வந்தால் பாயில் உட்காருங்கள், படம் எதுவும் போட்டுக் காட்டாதீர்கள், பேசாதீர்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். நேரமாகிவிட்டதால் இதை பாஸ்கர் வண்டியில்… தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த பாஸ்கர் இல்லை, திருவள்ளூர் போகிற எங்கள் அண்ணன் மகன், அவன் பேரும் அதுதான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சாராள்


4.3.2025
பள்ளியிலிருந்து

அன்புள்ள சாராள்,

அன்று என்னைப் பாயில் உட்காரவைத்து, பேசவிடாமல் செய்தீர்களே, என் வேலைக்காலத்தில் நான் உருப்படியாகக் கலந்துகொண்ட முதல் கூட்டம் அதுதான். பெஞ்சை வாங்கிக்கொள்வது, யார் ஏறுவது என்பதை விழா அன்று நீங்களே முடிவு செய்வது, நான் அதில் தலையிடாமல் இருப்பது. மூன்றுக்கும் தலையாட்டினேன். இனி கூட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றீர்கள், அதற்கும்தான். மறுநாளே விடுப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நேரில் சொல்ல வீட்டு வாசல்வரை வந்தேன், உங்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை, விழா வேலை என்று ஏதோ உளறிவிட்டுத் திரும்பிவிட்டேன். “குடு டீச்சர், நான் குடுத்துடறேன்” என்று கன்னியம்மா இந்தக் கடிதத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் திரும்பவும் உங்கள் வீட்டுக்கு வந்துபோவதைப் பார்க்கும்போது ஒரு ஆறுதல்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் பின்பக்கம் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் பிள்ளைகள் விளையாடினால் எந்த டீச்சரும் போய்ப் பார்ப்பாள். போனேன். இரண்டு பேர் கையைக் கோர்த்துக் கேட் மாதிரி நிற்கிறார்கள். ஒருவன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், அவன்தான் சூப்பர்வைசர். கேட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வருகிறாள். எதிரிலிருந்து இன்னொரு பிள்ளை வருகிறது. “யாரு பாப்பா நீ?” என்று இவள் கேட்க வேண்டும். “வேற ஆளுக்கா” என்று அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். சிரிக்காமல், அழாமல், திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். வாய் தவறி அம்மா என்று சொல்லிவிட்டால் அவுட். கன்னியம்மா மகன் சொல்லிவிட்டான். “போச்சு, உங்கம்மா வேல போச்சு” என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவன் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஆட்டத்தை நடத்துவது பிரின்சி.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா மேல கோவமா கண்ணு?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இது தெரியாதா என்பது போல. “கோவம்லாம் இல்ல டீச்சர். ஊட்ல அம்மான்னு கூப்ட்டா அங்கயும் வாய்ல வந்துடும். பழகிக்கணும்ல?” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவங்களுக்குத் தெரியவாணாம். தெரிஞ்சா அழுவாங்க” என்றாள்.

அவள் உங்களைத் தண்டிக்கவில்லை. இத்தனை நாளாக உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நமக்குத்தான் தெரியவில்லை.

சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டதையும் மீறி எழுதுகிறேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அதட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நீங்கள் சொல்லாமல் இதில் ஒன்றும் செய்ய மாட்டேன்.

ரத்னா


8.3.2025
மாலை

சாராள்,

விழா முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நாற்காலியை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

பிரேமா டீச்சர் மைக்கில், “பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்கள் மேடைக்கு வரவும்” என்றபோது யார் வரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. நீங்கள் எழுந்தீர்கள். தாலிச் செயினைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டிருந்தீர்கள். மேடைப் படியில் ஏறும்போது மெட்டிச் சத்தம் கேட்டது. விஜயகுமார் சிரித்த முகத்தோடுதான் எழுந்தார். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “நீங்க… நம்ம மூணாவது லைன் இல்ல?” என்றார்.

நீங்கள் மைக்கை வாங்கினீர்கள். “ஆமா சார். சாராளு. அதோ பச்சப் பாவாட போட்டுக்கினு நிக்கறா பாருங்க, அவ என் பொண்ணு. அன்னிக்கு உங்க கேட்டாண்ட யாருன்னு கேட்டேன். என் பொண்ணுதான் சார்.”

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மனுஷன் கெட்டிக்காரர், சுதாரித்துக்கொண்டார். மேடையிலிருந்தே குனிந்து, ரொம்பப் பிரியமாக, “அப்டியா பாப்பா? இவங்க உங்கம்மாவா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன், நீங்களும் அதற்காகத்தான் ஏறினீர்கள். பிரின்சி கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள்: “இல்ல சார். இவங்க பக்கத்து ஊட்டு அக்கா.”

அதோடு நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லோரும், நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும், “அக்காதான் சார், அக்காதான்” என்று சேர்ந்து சொன்னார்கள். ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. நான் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொடுத்த எந்தப் பாடத்தையும் அவர்கள் இப்படித் தவறில்லாமல் சொன்னதில்லை.

விஜயகுமார் சிரித்தார், கைதட்டினார், பெஞ்சு தந்ததற்கான அட்டையை உங்கள் கையில் கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டார். நன்றியுரை நான் சொல்ல வேண்டியது. மைக் முன்னால் போய் நின்றேன். யாருக்கு நன்றி சொல்வது? பேசாமல் இறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் கூட்டத்துக்கு நடுவில் அவளைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கிடைத்தாளா?

ரத்னா


9.3.2025

டீச்சருக்கு,

கிடைத்தாள். பள்ளிக்குப் பின்னால், கேட் ஆட்டம் ஆடுகிற அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், கம்பெனி கார் போய்விட்டதா என்று. போனது தெரிந்த பிறகுதான் என் மேல் சாய்ந்தாள்.

உங்கள் போன கடிதம் வந்த அன்றே நான் மேடை ஏறுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். அவள் பழகிக்கொள்கிறாள் என்று படித்த பிறகு எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஸ்டீபனிடம் மட்டும் சொன்னேன். “லோடு கெடைக்கலன்னா ஆரணி மார்க்கெட்ல மூட்ட தூக்கறேன். நீ ஏறு” என்றார். எல்லார் முன்னாலும் நான் சொல்லிவிட்டால் அவளும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நானும் உங்களை மாதிரிதான் டீச்சர். அவளைக் கேட்காமல் செய்தேன். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றிருக்காது.

அந்த ஆள் சிரித்துக்கொண்டு போனாரே, நம்பிவிட்டார் என்று பிரின்சி நினைத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பாஸ்கர் சார் போன் பண்ணினார். அவர் குரலும் சரியாக இல்லை. “இன்னா சாராளு இப்டி பண்ணிட்ட? திங்கக்கெழம வராத. கார்டு எடுக்காது” என்றார். பிரின்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கேட்டுவிட்டாள்.

அதுவரை அழாத பிள்ளை டீச்சர். கேட்டில் அழவில்லை, நான் கை ஓங்கியபோது அழவில்லை. அப்போது ஓவென்று அழுதாள். “நான் கரெக்டாதான சொன்னேன்க்கா? சத்தமா சொல்லலயா?” என்று கேட்டாள். அவள் சரியாகச் சொல்லாததால்தான் என் வேலை போய்விட்டதாம். “கரெக்டா சொன்ன கண்ணு. நீ கரெக்டாதான் சொன்ன. எனக்குதான் அந்த வேல வாணாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்பவில்லை. வேலை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்று கேட்கிறாள்.

கன்னியம்மா நேற்று ராத்திரியே வந்தாள், மோனிகாவையும் கூட்டிக்கொண்டு. மூன்று பேரும் சேர்ந்து கும்மிடிப்பூண்டி பக்கம் வேறு கம்பெனியில் கேட்டுப் பார்ப்போம், தாலியோடேயே போய்க் கேட்போம் என்றார்கள். கிடைக்குமா என்று தெரியவில்லை. வேனில் இன்னும் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டு அடுப்பு. அந்த ஆட்டத்தை நீங்கள் நிறுத்த வேண்டாம். அடுத்த ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசுவதாக அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் வாருங்கள். இந்தத் தடவை பேசலாம்.

இன்று ஆராதனை முடிந்து வந்து, சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்: “இனிமே நீ என்ன அம்மான்னு கூப்டலாம். எங்க வேணா கூப்டலாம். ஒண்ணும் ஆவாது.” அவள் என்னை உற்றுப் பார்த்தாள். சட்டென்று நம்பிவிடுகிற பிள்ளையா அவள் இப்போது? “திங்கக்கெழம வேன் வரட்டும். நீ ஏறலன்னா கூப்பிடறேன்” என்றாள்.

நாளை திங்கட்கிழமை. காலை வேன் வந்து, நின்று, கிளம்பிப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்போம். பிரின்சி பள்ளிக்குக் கொஞ்சம் லேட்டாக வந்தால் திட்டாதீர்கள்.

சாராள்